இக்னிஷனில் சாவி திரும்ப அடம் பிடிக்கிறது: பழைய ஆல்டிஸுக்கு முழுப் பூட்டு செட்டும் மாற்ற வேண்டுமா?

யீஷூன் மிருதங்கம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். என் வண்டி 2006-ல் பதிவான டொயோட்டா கரோலா ஆல்டிஸ், ஆட்டோ கியர். சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான சிஓஇ சான்றிதழை 2016-ல் பத்தாண்டுக்குப் புதுப்பித்தேன், அதுவும் முடியும் தறுவாயில் இருக்கிறது. என்ஜினைக் குறை சொல்ல முடியாது. ஏசி இன்னும் பல்லைக் கிட்டும் அளவுக்குக் குளிர்கிறது. தொல்லை எல்லாம் சாவித் துளையில்தான்.

சில மாதங்களாக சாவியை விட்டால் உடனே திரும்புவதில்லை. ஒரு மயிரிழை வெளியே இழுத்து, லேசாக ஆட்டினால் திரும்பும். சரி, பழைய வண்டி, இப்படித்தான் என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். பங்குனி உத்திரத்தன்று யீஷூன் புனித மரம் பாலசுப்பிரமணியர் கோயிலுக்கு வாசிக்கப் போயிருந்தேன். கூட்டம் தெரியும்தானே, கிடைத்த இடுக்கில் சக்கரத்தை முழுக்க ஒடித்துச் சொருகிவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் சாவி இம்மியும் அசையவில்லை. பின்னால் இரண்டு கார்கள் காத்திருக்கின்றன, பின் சீட்டில் இரண்டு மிருதங்கம், நெற்றியில் வியர்வை. பால்குடம் எடுத்து வந்த ஒரு பெரியவர் ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்தார், திரும்பிவிட்டது. அன்றிலிருந்து நிம்மதி இல்லை.

ஒரு பட்டறையில் காட்டினேன். இரண்டு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. ஸ்டியரிங் லாக், கதவுப் பூட்டு, பூட் பூட்டு எல்லாம் சேர்த்து முழு செட்டும் மாற்ற வேண்டும், எண்ணூறு வெள்ளிக்கு மேல் ஆகும் என்றார்கள். சாவித் துளையில் இருக்கும் அந்த சிலிண்டரை மட்டும் மாற்ற முடியாதா? முடியும் என்றால் நானே செய்யலாமா? மிருதங்கத்துக்கு வார் இழுத்துப் பிடிப்பதெல்லாம் நானேதான், அதனால் கைவேலைக்குப் பயமில்லை.

உட்லண்ட்ஸ்காரன் எழுதியது:

பாலம் தாண்டி ஜேபிக்கு, அதான் ஜோகூர் பாருவுக்கு, போய்விடுங்கள் பிரதர். பாதி விலையில் முடித்துத் தருவார்கள். தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சோதனைச் சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

டர்போ தம்பி எழுதியது:

அட, இதற்கு எதுக்கு இவ்வளவு யோசனை? டபிள்யூடி-40 எண்ணெய் ஸ்பிரே அடித்துப் பாருங்கள். அதுவும் சரிப்படவில்லை என்றால் ஆன்லைனில் புஷ் ஸ்டார்ட் பட்டன் செட் விற்கிறது. சாவியே வேண்டாம், பட்டனை அமுக்கினால் போதும், புது வண்டி மாதிரி இருக்கும்.

சின் மிங் பழைய கை எழுதியது:

மிருதங்கம் தம்பி, கொஞ்சம் பொறுங்கள். எண்ணூறு வெள்ளியும் வேண்டாம், ஜேபியும் வேண்டாம். அங்கே நல்ல பூட்டுக்காரர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் சாவி திரும்புமா திரும்பாதா என்று தெரியாத வண்டியைக் கொண்டுபோய்ப் பாலத்து நெரிசலில் நிறுத்துவானேன்?

நான் சின் மிங்கில் பட்டறை வேலை பார்த்தே தலை நரைத்தவன். சாவி திரும்பவில்லை என்று வரும் வண்டியில் முதலில் பூட்டைத் தொடவே மாட்டேன், சாவியைத்தான் கையில் வாங்கிப் பார்ப்பேன்.

உள்ளே நடப்பது இதுதான். சிலிண்டருக்குள் ஒரு சின்ன உருளை, அதில் வரிசையாக மெல்லிய பித்தளைத் தகடுகள், ஒவ்வொன்றின் கீழும் கொசு அளவில் ஒரு ஸ்பிரிங். சாவி உள்ளே போனதும் அதன் பள்ளம் மேடு ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்தில் நிறுத்தும். எல்லாத் தகடும் உருளையோடு மட்டமாக அமர்ந்தால்தான் உருளை சுற்றும். ஒரே ஒரு தகடு நூலளவு துருத்திக்கொண்டு நின்றாலும் வெளிக்கூட்டின் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். நீங்கள் சாவியை மயிரிழை வெளியே இழுத்து ஆட்டுகிறீர்களே, அப்போது அந்தத் தகட்டுக்குப் போதாத உயரத்தைக் கையாலேயே கொடுக்கிறீர்கள். ஆகவே தேய்ந்திருப்பது சாவியாகவும் இருக்கலாம், தகடாகவும் இருக்கலாம். பெரும்பாலும் இரண்டும்.

உங்கள் சாவி வண்டியோடு வந்ததா, இல்லை புளோக் கீழே கடையில் வெட்டிய நகலா? தேய்ந்த சாவியை வைத்து நகல் எடுத்தால் தேய்மானத்தையும் சேர்த்தே நகல் எடுக்கிறோம். செராக்ஸுக்கு செராக்ஸ் எடுத்த கதைதான். வண்டி வாங்கியபோது சாவிக் கொத்தோடு எண் பொறித்த ஒரு சின்ன அலுமினியத் தகடு கொடுத்திருப்பார்கள். பலர் அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள், சிலர் வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். தேடிப் பாருங்கள். அந்த எண் இருந்தால் வண்டிச் சாவி வெட்டுகிறவர் தேய்ந்த சாவியைப் பார்க்காமல், முதல் நாள் இருந்த அளவிலேயே புதுச் சாவி வெட்டித் தருவார். பாதிப் பேருக்குப் பிரச்சினை இதோடு முடிந்துவிடும்.

அடுத்து ஒரு சோதனை. தினம் ஓட்டும் சாவியை ஓட்டுநர் கதவுத் துளையில் விட்டுத் திருப்புங்கள். ரிமோட்டில் பூட்டியே பழகியிருப்பீர்கள், அதனால் கதவின் தகடுகள் அதிகம் தேய்ந்திருக்காது. அங்கே வழுக்கிக்கொண்டு திரும்பி இக்னிஷனில் மட்டும் சண்டித்தனம் செய்தால் குற்றவாளி சிலிண்டர். அங்கேயும் முரண்டு பிடித்தால் சாவியைச் சந்தேகப்படுங்கள். ஆனால் வருஷக்கணக்கில் சாவியே படாத கதவுத் துளை தூசி அடைத்தும் கிடக்கும், முதலில் கொஞ்சம் கிராஃபைட் பொடி ஊதிவிட்டுப் பாருங்கள்.

கிராஃபைட் என்றேன், டபிள்யூடி-40 இல்லை. டர்போ தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. அதை அடித்த அன்று சாவி வெண்ணெயாகத் திரும்பும். அந்த ஈரத்தில் தூசியும் பித்தளைப் பொடியும் ஒட்டிக் கறுப்புச் சேறாகிவிடும், பிறகு முன்னைவிட மோசம். புஷ் ஸ்டார்ட் விஷயத்துக்கு வருகிறேன். அதைப் போடுகிறவர்கள் ஸ்டியரிங் லாக்கைக் கழற்றி எறிவார்கள், அல்லது சிலிண்டருக்குள் ஒரு சாவியை நிரந்தரமாகச் சொருகி வைப்பார்கள். முதலாவது திருடனுக்கு உபகாரம். இரண்டாவது, மாற்றவேண்டிய சிலிண்டரை உள்ளேயே வைத்துக்கொண்டு பட்டனுக்குக் காசு கொடுப்பது.

கோயிலில் நடந்தது கொஞ்சம் வேறு. சக்கரத்தை ஒடித்து நிறுத்தினால் டயர் திமிறிக்கொண்டு நிற்கும், அந்த விசை முழுவதும் ஸ்டியரிங்கைப் பூட்டும் இரும்பு நாக்கின் மேல் விழும். நாக்கு இறுகிவிட்டால் நல்ல சாவியும் திரும்பாது. பெரியவர் ஸ்டியரிங்கை இழுத்துப் பிடித்து அந்த விசையை எடுத்துவிட்டார், அவ்வளவுதான். தேய்ந்த தகடும் இறுகிய நாக்கும் ஒரே நாளில் சேர்ந்துகொண்டன.

இன்னொன்று கேட்க வேண்டும். சாவியை எடுத்த பிறகு டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு மினுக்குகிறதா? மினுக்கினால் சாவித் தலைக்குள் சிப் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டுதான் மேலே பேச முடியும்.

யீஷூன் மிருதங்கம் எழுதியது:

அண்ணே, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். கதவுத் துளையில் சாவி அழகாகத் திரும்புகிறது. அலுமினியத் தகடு கிடைத்தது, மனைவி அதை பேங்க் புத்தகங்களோடு போட்டு வைத்திருந்தாள். அந்த எண்ணைக் கொடுத்து ஒரு சாவி வெட்டிப் பார்த்தேன். கொஞ்சம் தேவலாம், ஆனால் இன்னும் நாளைக்கு ஒரு தடவையாவது அடம் பிடிக்கிறது. சிவப்பு விளக்கு மினுக்குகிறது. இந்தப் புதுச் சாவியில் சிப் இல்லை, அதனால் பூட்டு திரும்பினாலும் என்ஜின் பிடிக்கவில்லை. அப்படியென்றால் சிலிண்டர்தான், இல்லையா?

தெம்பனிஸ் டிரைவர் அக்கா எழுதியது:

சிலிண்டர்தான் தம்பி. ஆனால் மற்றவர்கள் படித்துக் குழம்பக் கூடாது என்று ஒன்று சொல்லிவிடுகிறேன். சாவி திரும்பாதது வேறு, சாவி திரும்பியும் வண்டி செத்துக் கிடப்பது வேறு. இரண்டாவது எனக்கு வந்தது. தீவு விரைவுச்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போதே மீட்டர் விளக்கு எல்லாம் அணைந்து என்ஜினும் நின்றுவிட்டது. சாவி நன்றாகத்தான் திரும்பியது. கெட்டுப்போனது சிலிண்டருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் மின்சுவிட்ச். அது தனிப் பொருள், பூட்டைத் தொடாமலே மாற்றலாம். என்னிடமும் முதலில் முழு செட் விற்கத்தான் பார்த்தார்கள். (விரைவுச்சாலையில் நின்றுபோனால் பதறாதீர்கள். விரைவுச்சாலைகளைக் கண்காணிக்கும் இமாஸின் மீட்பு வண்டி காசு வாங்காமல் பக்கத்தில் குறிப்பிட்ட கார் நிறுத்துமிடம் வரை இழுத்துக்கொண்டு போய் விடும். அங்கிருந்து பட்டறைக்குத்தான் நம் செலவு.)

தம்பி, உங்கள் சாவிக் கொத்தில் என்னவெல்லாம் தொங்குகிறது? 2014-ல் ஜெனரல் மோட்டார்ஸ் 2.6 மில்லியன் கார்களைத் திரும்ப அழைத்ததே, அதற்குக் காரணம் இந்த இக்னிஷன் சுவிட்ச்தான். உள்ளே பிடிப்பு போதாமல், கொத்தின் பாரத்திலோ முழங்கால் இடித்தோ ஓட்டத்தில் சாவி தானாகத் திரும்பிவிடும். என்ஜின் நிற்கும், ஏர்பேக் விரியாது. 124 பேர் இறந்ததற்கு அந்த நிறுவனத்தின் இழப்பீட்டு நிதி பணம் கொடுத்தது. ஆல்டிஸில் அந்தக் கோளாறு இல்லை. இருந்தாலும் வீட்டுச் சாவி, தபால் பெட்டிச் சாவி, முருகன் வேல் எல்லாவற்றையும் இக்னிஷனில் தொங்கவிட்டு ஓட்ட வேண்டாமே.

சின் மிங் பழைய கை எழுதியது:

அக்கா சொன்னது ரொம்பச் சரி. முதலில் எது கெட்டது என்று பிரித்துப் பார்க்க வேண்டும், விலையை அப்புறம் பேசலாம்.

தம்பி, இனி தள்ளிப் போடாதீர்கள். உங்கள் ஆல்டிஸில் சிலிண்டரைக் கழற்ற வேண்டுமென்றால் சாவியை லாக்குக்கு அடுத்துள்ள ஏசிசி நிலைக்குத் திருப்ப வேண்டும். அந்த நிலையில்தான் கூட்டில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாக ஒரு மெல்லிய கம்பியை விட்டு உள்ளே உள்ள ஊசியை அமுக்க முடியும். அமுக்கிக்கொண்டே சாவியைப் பிடித்து இழுத்தால் சிலிண்டர் முழுசாகக் கையோடு வந்துவிடும். திரும்புகிற வரை இது சின்ன வேலை. என்றைக்காவது ஒரேயடியாக லாக் நிலையில் நின்றுவிட்டால் அந்த ஊசி அமுங்காது, துளைபோட்டு உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அதுவும் எங்கே நிற்கும்? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில், நாலாவது மாடியில். கூரை தாழ்வு, பெரிய இழுவை வண்டி ஏறாது. ஸ்டியரிங் பூட்டியிருக்கும், கியர் பி-யில் இருக்கும், சக்கரம் உருளாது. அன்றைக்கு எண்ணூறு வெள்ளி மலிவாகத் தெரியும்.

நீங்களே செய்யலாமா என்று கேட்டீர்கள். கழற்றி மாட்டுவதைச் செய்யலாம். ஆனால் வீவக கார் நிறுத்துமிடத்தில் பரப்பிக்கொண்டு உட்காராதீர்கள், அங்கே ரிப்பேர் வேலைக்கு அனுமதி கிடையாது. பட்டறை வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் அவரிடம் ஒரு மூலை கேளுங்கள்.

ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் கவரின் திருகுகள் சில ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதை இடமும் வலமும் திருப்பினால்தான் தெரியும், அதனால் பேட்டரியைக் கழற்றும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு 90 வினாடியாவது சும்மா இருங்கள். ஏர்பேக்குக்குப் பக்கத்தில் கை வைக்கிறோம், டொயோட்டாவே சொல்லியிருக்கும் கணக்கு இது. ஸ்டியரிங்கைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. யாராவது கழற்றணும் என்றால் ஏன் என்று கேளுங்கள்.

கவர் வந்ததும் சாவித் துளையைச் சுற்றி ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வளையம் தெரியும். சாவியில் இருக்கும் சிப்போடு பேசுவது அதுதான். இருபது வருஷம் நம்மூர் வெயிலில் வெந்த பிளாஸ்டிக், கிளிப் அப்பளமாக நொறுங்கும். திருப்புளியை விட்டு நெம்பாமல் விரல் நகத்தால் விடுவியுங்கள். வளையம் போனால் பூட்டு புதுசாக இருந்தும் வண்டி கிளம்பாது.

இப்போது முக்கியமான இடம். புதுச் சிலிண்டர் தன் சொந்தச் சாவியோடு வரும். அப்படியே மாட்டினால் வண்டிக்கு ஒரு சாவி, கதவுக்கு ஒரு சாவி. நிறையப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள், தப்பில்லை. ஆனால் உங்களிடம் எண் வைத்து வெட்டிய நல்ல சாவி இருக்கிறதே, அதை வீணாக்கக் கூடாது. சிலிண்டரைக் காரில் மாட்டும் முன்பு பூட்டுக்காரரிடம் கொடுத்து, உங்கள் சாவிக்குத் தகுந்தபடி தகடுகளை மாற்றிப் போடச் சொல்லுங்கள். தகடுகளில் எண் பொறித்திருக்கும், சாவியின் வெட்டுக்கு ஏற்ற எண்ணைப் போட வேண்டும். பழைய சிலிண்டரிலிருந்து எடுத்துப் போடுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தேய்ந்ததைப் புதுக்கூட்டில் குடிவைத்து என்ன பயன்? புதுத் தகடுகள் அவரிடமே இருக்கும். சில அவசரக்காரர்கள் துருத்தும் தகட்டை அரத்தால் ராவி மட்டமாக்கிவிடுவார்கள். சாவி அருமையாகத் திரும்பும். பக்கத்து வீட்டுக்காரர் சாவிக்கும் திரும்பும்.

இந்த வேலையை மட்டும் வீட்டில் முயல வேண்டாம். அந்த ஸ்பிரிங் ஒன்று தெறித்துப் போனால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. நான் வெள்ளைத் துண்டு விரித்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் உட்காருவேன்.

மாட்டியதும் கவரை மூடாதீர்கள், பேட்டரி முனையை மட்டும் திரும்ப மாட்டுங்கள். சாவி நாலு நிலைக்கும் போகிறதா, ஸ்டார்ட்டிலிருந்து விட்டதும் தானாகத் திரும்புகிறதா, சாவியை எடுத்துவிட்டு ஆட்டினால் ஸ்டியரிங் பூட்டுகிறதா என்று பாருங்கள். கியரை டி-யில் போட்டுவிட்டுச் சாவியை எடுக்கப் பாருங்கள், வரக் கூடாது. பி-யில் மட்டும்தான் வர வேண்டும். எல்லாம் சரியென்றால் மூடுங்கள்.

காசு விஷயம்: வண்டியைக் கழிக்கும்போது அரசு தரும் பார்ஃப் தள்ளுபடி பத்து வருஷம் தாண்டிய வண்டிக்குக் கிடையாது, போடும் காசில் ஒரு வெள்ளிகூடத் திரும்பாது. முழு செட் வேண்டாம் என்பதற்கு அதுவும் ஒரு காரணம். மறுபடி சிஓஇ புதுப்பித்து இன்னும் பத்து வருஷம் ஓட்டினாலும் கதவுப் பூட்டுக்கு ஒன்றும் ஆகாது.

டர்போ தம்பி எழுதியது:

கோபமெல்லாம் இல்லை அங்கிள். ஒரு சந்தேகம். என் வண்டி வேறு ஜப்பான் பிராண்ட். அதிலும் கம்பியை விட்டு அமுக்கினால் சிலிண்டர் வந்துவிடுமா?

சின் மிங் பழைய கை எழுதியது:

எல்லாவற்றிலும் வராது. சில வண்டிகளில் பூட்டுக்கூடு முழுவதையும் ஸ்டியரிங் தண்டோடு சேர்த்துத் தலை முறிந்த போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். முறுக்கும்போதே தலை ஒடிந்து மொட்டையாகிவிடும், ஸ்பேனர் பிடிக்காது. திருடன் கழற்றக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். உளியால் தட்டிச் சுற்ற வேண்டும், அல்லது துளைபோட வேண்டும். உங்கள் வண்டி எது என்று பார்க்காமல் திருப்புளியை எடுக்காதீர்கள்.

யீஷூன் மிருதங்கம் எழுதியது:

வேலை முடிந்தது அண்ணே. சிலிண்டரை நானே கழற்றினேன். ஊசியை அமுக்க நீங்கள் சொன்ன மெல்லிய கம்பிக்கு எங்கே போவது என்று பார்த்து, மிருதங்க வாரைக் கோக்கும் ஊசியின் பின்பக்கத்தை வைத்தே அமுக்கிவிட்டேன். தகடு மாற்றும் வேலையைப் பூட்டுக்காரர் செய்தார். பழைய தகடுகளை ஒரு தட்டில் கொட்டிக் காட்டினார். இரண்டு தகடுகளின் ஓரம், சாவி உரசும் இடத்தில், மழுங்கிப்போய் வளைவாகவே இருந்தது. பக்கத்தில் புதுத் தகட்டை வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது, அதில் முனை கூர்மையாக நிற்கிறது. எல்லாம் சேர்த்து இருநூறு வெள்ளிக்கும் குறைவு. கதவுக்கும் இக்னிஷனுக்கும் ஒரே சாவிதான்.

பழைய சாவித் தலையிலிருந்த சிப்பை எடுத்துப் புதுச் சாவியில் வைத்துவிட்டோம், வண்டி கிளம்புகிறது. மாற்றுச் சாவி ஒன்று அலமாரியில் இருக்கிறது, அதிலும் சிப் உண்டு. இது போதும்தானே?

சின் மிங் பழைய கை எழுதியது:

அலமாரியில் இருப்பது மாஸ்டர் சாவியா, வண்டி நிறுத்தும் ஆளிடம் கொடுக்கும் வாலே சாவியா என்று பாருங்கள். டொயோட்டாவில் கறுப்புத் தலை மாஸ்டர், சாம்பல் தலை வாலே. புதிதாக ஒரு சிப் சாவியைப் பதிய வேண்டுமென்றால் வேலை செய்யும் மாஸ்டர் ஒன்று கையில் இருக்க வேண்டும். வாலேயை வைத்துக்கொண்டு பதிய முடியாது. எல்லா மாஸ்டரும் தொலைந்துபோனால் சிப்பைச் சரிபார்க்கும் இம்மொபிலைசர் பெட்டியையே கழற்றி அழித்து எழுத வேண்டியிருக்கும், அது வேறு செலவு. அலமாரியில் இருப்பது சாம்பல் என்றால், அந்தப் பூட்டுக்காரரிடமே இந்த வாரம் போய், இருக்கும் மாஸ்டரை வைத்து இன்னொன்று பதிந்து வாங்கிக்கொள்ளுங்கள். அலுமினியத் தகட்டின் எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துவிட்டு, தகட்டை மனைவியிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.